ஆர்டிஸ் அண்ணியின் தலைக்கணக்கு

என் அண்ணி ஆர்டிஸைப் போல நியாயம் பார்க்கிற மனுஷி அயோவா மாநிலத்திலேயே கிடையாது. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருஷம் அவளுக்கு நாத்தனாராக இருந்தவளின் வயிற்றெரிச்சலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஹெட்விக் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்திரண்டு வருஷம் கரண்டி பிடித்தவள் அவள். புதன்கிழமை பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும். ஒரு பிள்ளைக்கு இரண்டு கரண்டி. கரண்டியின் தலையைத் தட்டிச் சமப்படுத்தித்தான் ஊற்றுவாள். வங்கி மேலாளர் மகனுக்கும் அதே அளவு, பன்றிக் கொட்டகை கழுவுகிறவர் மகளுக்கும் அதே அளவு. பூசணிக்காய் கேக்கை ஸ்கேல் வைத்துத்தான் வெட்டுவாள். ஒரு துண்டு இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், நூல் பிசகாது.

பரிமாறுகிறவள் நம்மவளாக இருந்தால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்பார்கள். அண்ணியின் மகள் ஜானெலிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். பன்னிரண்டு வருஷம் அந்த வரிசையில் தட்டேந்தி நின்றவள். ஒரே ஒரு நாள், மொறுமொறுவென்று இருக்கும் ஓரத்துத் துண்டு வேண்டும் என்று கேட்டாள். "வரிசைல உனக்கு எது வருதோ அதுதான்டி" என்று நடுத்துண்டைத் தட்டில் வைத்தாள் பெற்றவள். முப்பத்திரண்டு வயதிலும் ஜானெல் இதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டாள்.

இப்படிப்பட்டவளைப் பிடித்துத்தான் எங்கள் ஊர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் காக்கஸ் கூட்டத்துக்குத் தலைவி ஆக்கினார்கள். இருபத்தெட்டு வருஷமாக அவள்தான்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி என்னைப் பேசவிடக் கூடாது. ஜனாதிபதி வேட்பாளரை நாட்டிலேயே முதலில் சொல்வது நாங்கள்தானாம், பெரிய பெருமையாம். பிப்ரவரிக் குளிரில், திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் பள்ளிக்கூட ஜிம்மில் ஆஜராக வேண்டும். ஏழுக்கு வரிசையில் இல்லையென்றால் வீட்டுக்குப் போ. மாடு கறக்கிறவர்கள் வர முடியாது. முதியோர் இல்லத்தில் மாலை ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் வர முடியாது. கைக்குழந்தைக்காரர்கள் வீட்டுக்கு ஒருவர் வரலாம், மற்றவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். வந்தவர்களாவது சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாமா என்றால் அதுவும் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு மூலை, உனக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும், ஊர் பார்க்க. உன் முதலாளி எதிர் மூலையில் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை மூலையே இல்லை. அவர்கள் வேறு மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளலாம், அல்லது கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

அண்ணியின் புருஷன், என் அண்ணன் ஓர்லின், குடியரசுக் கட்சி. அவர்கள் கூட்டம் எதிரே சர்ச்சில். துண்டுச் சீட்டில் பெயரை எழுதிப் போட்டுவிட்டு ஏழரைக்கெல்லாம் வீட்டில் கூடைப்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருப்பான். "நீங்க இன்னும் மூலைமூலையா ஓடிப்பிடிச்சு விளையாடிட்டுதான் இருக்கீங்களா?" என்று நக்கல் வேறு.

நான் சொல்லவந்த வருஷம் ஜானெல் ரெனாட்டா மெர்சர் என்ற செனட்டரின் பக்கம் இருந்தாள். காரணம் இருந்தது. எங்கள் ஊர் மருத்துவமனையில் பிரசவப் பிரிவை மூடி நாலு வருஷம் ஆகியிருந்தது. அடுத்த பிரசவ அறை நாற்பத்தேழு மைல் தள்ளி. ஜானெலின் முதல் குழந்தை நெடுஞ்சாலை ஓரத்தில், பனிக்குள் நின்ற காரின் பின்சீட்டில் பிறந்தது. கடவுள் புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இப்போது இரண்டாவது, ஏழு மாதம். சின்ன ஊர்ப் பிரசவப் பிரிவுகளைத் திறப்பேன் என்று மேடைக்கு மேடை சொன்னவர் மெர்சர் ஒருத்தர்தான்.

கூட்டத்தன்று ஜானெலின் புருஷன் ட்ராய் குழந்தையோடு வீட்டில் இருந்துகொண்டான். ஜானெல் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து எங்கள் மூலையில் நின்றாள். நானும் அங்கேதான்.

அண்ணி கையில் கையெழுத்துத் தாள்களோடு ஜிம்மின் கூடைப்பந்துக் களத்து நடுவில் வந்து நின்றாள். "வந்து கையெழுத்துப் போட்டவங்க தொண்ணூத்து மூணு பேர். ஒரு மூலை நிலைக்கணும்னா பதினாலு பேர் வேணும்." பிறகு விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். விட்லாக் என்ற வேட்பாளரின் மூலையில் நாற்பத்தெட்டு. ப்ரான்சன் மூலையில் முப்பத்தொன்று. எங்கள் மூலையில் பதின்மூன்று.

ஒருத்தர் குறைவு. எங்கள் அதிர்ஷ்டம் அப்படித்தான் இருக்கும்.

"அரை மணி நேரம். அதுக்குள்ள மூலை மாறிக்கலாம். அப்புறம் நிலைக்காத மூலைக்காரங்க மட்டும்தான் வேற மூலைக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு, சமையலறையிலிருந்து கொண்டுவந்திருந்த மஞ்சள் டைமரைத் திருகி மேசைமேல் வைத்தாள்.

ஒரே ஒரு ஆளுக்காக நான் அடித்த கூத்தை என் செத்துப்போன புருஷன் பார்த்திருந்தால் விவாகரத்துக் கேட்டிருப்பான். ப்ரான்சன் மூலையில் முதுகு வலிக்காரர் ஒருவரிடம் எங்கள் பக்கம் மெத்தை வைத்த நாற்காலி இருக்கிறது என்று ஆசை காட்டினேன். இன்னொருத்தியிடம் அவள் மகள் கல்யாணத்துக்கு நான் நாலு தட்டு கேக் செய்துகொடுத்ததை ஞாபகப்படுத்தினேன். நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்கிற லட்சணம் இது. ஒருத்தரும் அசையவில்லை.

அப்போதுதான் விட்லாக் மூலையின் கேலன் தலையைச் சொறிந்தான். தீவனக் கடைக்காரன், கணக்கில் புலி.

"ஆர்டிஸ் அக்கா, நாப்பத்தெட்டு, முப்பத்தொண்ணு, பதிமூணு. தொண்ணூத்திரண்டுதான் வருது. ஒரு ஆள் எங்க?"

எல்லோரும் தேட ஆரம்பித்தோம். கழிப்பறைக் கதவுகளைத் தட்டினோம். கார்கள் நிற்கிற இடத்துக்கு ஒருவர் ஓடினார். ஒரு புண்ணியவான் பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து பார்த்தார், பூனைக்குட்டியைத் தேடுவதுபோல. மறுபடி எண்ணினோம், தொண்ணூற்றிரண்டு. அண்ணி மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எனக்குச் சுருக்கென்றது. மேசையில் கிடந்த கையெழுத்துத் தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில், முத்து முத்தான எழுத்தில், அவள் பெயர்.

"அண்ணி! அந்த ஆளே நீங்கதானே!"

ஜிம் முழுக்கச் சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா நாங்க கழிவறை கழிவறையா ஓடறதை வேடிக்கை பாத்துட்டு நின்னீங்க?"

"நீங்க தேடுனீங்க. நான் தேடச் சொல்லலையே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டைமரையே எடுத்து அவள் தலையில் போட்டிருப்பேன். இருபத்தெட்டு வருஷமாக எல்லோர் தலையையும் எண்ணிவிட்டுத் தன் தலையை மட்டும் விட்டிருக்கிறாள். பெரிய மூலைகளுக்கு ஒன்று குறைந்தால் யார் கவனிப்பது? அதனால் யாரும் கேட்டதில்லை.

"இந்த ஊர்ல எல்லாரும் என் கையால சாப்பிட்டவங்க" என்றாள் அண்ணி. "நான் ஒரு மூலைல போய் நின்னா, நாளைக்கு யாருக்குக் கூட ஊத்தினேன், யாருக்குக் கொறைச்சு ஊத்தினேன்னு பேச்சு வரும்."

"நீங்க ரிட்டயராகி அஞ்சு வருஷம் ஆச்சு அண்ணி!"

"பேச்சுக்கு ஏது ரிட்டயர்மென்ட்?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அப்போது ஜானெல் எங்கள் மூலையிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அம்மா. ஒரே ஒரு தடவை என் பக்கம் வந்து நில்லேன்."

இந்த ஒரு மூலை நிலைத்தால் கிடைப்பது மாவட்ட மாநாட்டுக்கு ஒரே ஒரு பிரதிநிதி. அதற்கு மேல் தொகுதி மாநாடு, அதற்கு மேல் மாநில மாநாடு. அவ்வளவு தூரம் ஏறிப்போவதற்குள் மெர்சரே போட்டியிலிருந்து விலகியிருப்பார். அதனால் எந்த ஊரிலும் பிரசவ அறை திறக்காது. இது ஜானெலுக்கும் தெரியும். அவள் கேட்டது பிரதிநிதியை அல்ல. பன்னிரண்டு வருஷம் தட்டோடு நின்றவள் கேட்டாள், அவ்வளவுதான்.

அதற்கு அண்ணி என்ன சொன்னாள் தெரியுமா?

"தலைவர் நிக்கலாம்னு விதி இருக்கா?"

தலையில் அடித்துக்கொண்டேன். கேலன், எதிர் மூலைக்காரன், அவனே பொறுமை இழந்து கட்சியின் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். "இருக்கு அக்கா. பதினோராம் பக்கம். கூட்டத் தலைவரும் ஒரு வாக்காளர்தான், எந்த அணியிலயும் சேரலாம்னு போட்டிருக்கு. போங்க, போய் நில்லுங்க."

"குடு, நானே படிக்கிறேன்."

மூக்குக் கண்ணாடி கோட்டுப் பையில் இருந்தது. கோட்டு கதவோரக் கொக்கியில், இன்னும் எழுபது கோட்டுகளுக்கு அடியில். போய்த் தேடி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, விரல் வைத்து ஒரு தரம் படித்தாள். இன்னொரு தரமும் படித்தாள். "யக்கா, மணியாகுது!" என்று ப்ரான்சன் மூலையிலிருந்தே கத்தினார்கள். எங்களுக்கு எதிராக நிற்கிறவர்கள்!

புத்தகத்தை மூடினாள். தாள்களை மேசையில் வைத்தாள். எங்கள் மூலையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

அறுபத்தெட்டு வயது, ஒரு முழங்கால் சரியில்லை. நாங்கள் பதின்மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நடுக்கோட்டைத் தாண்டினாள். பந்துக் கூடைக்கு அடியில் வந்தாள். ஜானெல் கையை நீட்டினாள். இன்னும் மூன்று அடி.

டைமர் கிணுகிணுவென்று அடித்தது.

அண்ணி அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, மூணு அடிதானே" என்றான் கேலன். "வந்து நில்லுங்க. நாங்க யாரும் பாக்கல."

"ஆமா, பாக்கல, பாக்கல" என்று இரண்டு மூலைகளும் சொன்னன. ஊர் முழுக்க அவளுக்காக ஒரு பொய் சொல்லத் தயாராக நின்றது.

"நான் பாத்தேனே" என்றாள் அண்ணி.

திரும்பி நடந்தாள். மேசைக்குப் போனாள். பேனாவை எடுத்தாள். "மெர்சர், பதிமூணு. நிலைக்கல" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

எனக்கு அழுகையும் வந்தது, கெட்ட வார்த்தையும் வந்தது. கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டேன், பாதிரியார் பக்கத்திலேயே இருந்தார். என்ன நியாயம் இது? ஒரு மனுஷியின் கருத்து என்ன என்று கேட்கத்தானே இத்தனை ஏற்பாடு? அவள் கருத்து ஜிம்முக்கே தெரிந்துவிட்டது. மூன்று அடி முழங்கால் வலிக்காக அது செல்லாது என்றால், இந்த விளையாட்டை எழுதி வைத்தவனை எங்கள் ஊர்ப் பனியில் வெறுங்காலோடு நடக்கவிட வேண்டும்.

எங்கள் மூலையிலிருந்து ஒருவர் ஒருவராக ப்ரான்சன் பக்கம் நகர்ந்தார்கள். ஜானெல் நகரவில்லை. கோட்டை எடுக்கவும் போகவில்லை. சுவரில் சாய்ந்து, தரையைப் பார்த்தபடி நின்றாள். நானும் அவளோடு நின்றேன், எனக்குப் போக வேறு மூலை இல்லை.

கணக்கெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளைக் கேலனிடம் சரிபார்க்கக் கொடுத்த பிறகு அண்ணி மறுபடி கிளம்பினாள். அதே வழி. நடுக்கோடு, கூடை, கடைசி மூன்று அடி. வந்து ஜானெலுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு படாமல், நேராக நின்றாள்.

"இப்ப எதுக்கும்மா வந்த?" என்றாள் ஜானெல். "எல்லாம் முடிஞ்சுபோச்சே."

"நிக்கச் சொன்னியே."

"அப்ப வந்திருக்கலாமே."

"அப்ப வந்திருந்தா எண்ணணும்" என்றாள் அண்ணி. "இப்ப யாரும் எண்ண வேண்டாம். இப்ப நிக்கறேன்."

பக்கத்து மேசையில் அண்ணி கொண்டுவந்த பூசணிக்காய் கேக் தட்டு இருந்தது, ஸ்கேல் வைத்து வெட்டியது. மிச்சம் ஒரே ஒரு துண்டு, ஓரத்துத் துண்டு. ஜானெல் அதை எடுத்து இரண்டாகப் பிய்த்தாள். நேராகப் பிய்யவில்லை. மொறுமொறுப்பான பெரிய பாதியை அம்மாவிடம் நீட்டினாள்.

அண்ணி அதைப் பார்த்தாள். ஜானெல் கையில் இருந்ததையும் பார்த்தாள்.

"இது பெருசா இருக்கு" என்றாள்.

"தெரியும். தின்னு."