சொல் வறுமை என்று எழுதியவர்

போன மாதம் ஒரு காலையில், பழனியில் என் வீட்டில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்தோணியிடமிருந்து போன் வந்தது. பேராசிரியர் ஜெசிந்தாவின் தம்பி அவர். கன்னிவாடியில் உரக்கடை வைத்திருக்கிறார். என்னை அவர் கூப்பிடுவது அபூர்வம். அதனால் போனை எடுக்கும்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"மேடம், அக்கா வெள்ளனே போயிட்டாங்க. மூச்சுத் திணறல்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. சாயங்காலம் அடக்கம். வந்துருங்க."

போனேன். அடக்கம் முடிந்து, நாங்கள் வேலை பார்த்த ஆய்வு மையத்தில் இரங்கல் கூட்டமும் முடிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் நான் பேசியது சிலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். ஜெசிந்தாவுடன் வேலை பார்த்தவர்கள், அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், அவர் வீட்டார் எல்லோருக்கும் அன்று ஒரு நிமிடத்தில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

சின்னக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் எப்படிக் கற்கிறார்கள் என்பதுதான் ஜெசிந்தாவின் துறை. அரசுப் பணத்தில் நடக்கும் எங்கள் ஆய்வு மையத்தில் அவர் மலைப்பகுதிக்குப் பொறுப்பாளர். நான் பக்கத்து மேசை. ஆய்வறிக்கைகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. எங்களுக்குள் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. அவருக்குக் குளிர் ஆகாது. மலைக்கு ஜீப் ஏறும்போதே தம்பியின் பழைய குரங்குக் குல்லாயை மாட்டிக்கொள்வார். அங்கன்வாடிப் பிள்ளைகள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும். "சிரிக்கட்டும் வள்ளி. சிரிச்ச பிள்ளை பேசிரும்" என்பார்.

ஒரு திட்டக் கூட்டத்தில் புதிதாக வந்த ஒருவர் அந்தப் பிள்ளைகளை "மாதிரிகள்" என்று சொல்லிக்கொண்டே போனார். ஜெசிந்தா கையைக் காட்டி நிறுத்தினார். "தீப்பெட்டி வாங்குற அம்மாகூட வரி கட்டுது. நமக்குச் சம்பளம் அதுலருந்துதான் வருது. அந்தப் பிள்ளைங்க மாதிரி இல்ல சார், முதலாளி." அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இதை அவர் மனதார நம்பினார். அதனால்தான் பிறகு நடந்தது அவரை அவ்வளவு வதைத்தது.

பெருமாள்மலைக்கு மேலே ஒரு குடியிருப்பு இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் இடம். காப்பித் தோட்டத்திலும் பீன்ஸ், கேரட் காட்டிலும் கூலி வேலை. அங்கே மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் எங்கள் ஆட்கள் பட அட்டைகளைக் காட்டிக் கேட்டார்கள்: இது என்ன, இது எதற்கு? குடையைக் காட்டினாலும் தெரியாது, சீப்பைக் காட்டினாலும் தெரியாது. ஜெசிந்தா நேரிலேயே போய்க் கேட்டார். அப்போதும் அதே பதில்தான். கோழி மேய்கிற வாசலில் உட்கார்ந்துகொண்டு, கோழிப் படத்தைப் பார்த்துத் தெரியாது என்று ஒரு பிள்ளை சொல்கிறது. எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அறிக்கையில் அவர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். சொல் வறுமை. வீட்டில் பேச்சுக் குறைவு, ஆகவே பிள்ளைகளிடம் சொல் குறைவு என்பது அதன் சாரம். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. பத்திரிகையில் வந்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு அவரே பயிற்சி கொடுத்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளை அடையாளம் கண்டு, தனியாக உட்கார வைத்து, கூடுதலாகச் சொல்லிக்கொடுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

இரண்டு வருடம் போயிருக்கும். ஒரு மழை நாளில் பெருமாள்மலை முக்கில் எங்கள் ஜீப் டயர் பஞ்சராகி நின்றுவிட்டது. டிரைவர் ஸ்பானரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவும் நானும் டீக்கடையில் ஒதுங்கினோம். பெஞ்சின் மறுமுனையில் ஒரு பெண் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். அவளுடைய இரண்டு மகள்கள் தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் பிஸ்கட் உறையைச் சின்னச் சின்னச் சதுரமாகக் கிழித்து, ஒவ்வொன்றாகத் தங்கச்சியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னா, சொல்லு?"

"பிஸ்கோத்துத் தாளு."

"ஏய், சொல்லக் கூடாது. தெரியாதுன்னு சொல்லணும். அப்பத்தான் வெரசா எழுதிக்கிட்டுப் போவாங்க. இது என்னா?"

"தெரியாது."

"ம், அப்பிடித்தான்."

பிறகு அவளுக்கு அந்த விளையாட்டு அலுத்துவிட்டது. டிரைவர் பக்கம் திரும்பினாள். "அந்த மாமாவப் பாரு. கோவத்துல டயர எத்துறாரு. டயருக்கு வலிக்காது, அவரு காலுதான் வீங்கும். வீங்குனா செருப்பு நுழையாது. பொறவு ஒத்தக் கால்ல எப்பிடி ஜீப்பு ஓட்டுவாரு?"

ஜெசிந்தா டீ கிளாஸைக் கீழே வைத்தார். குல்லாயைக் கழற்றினார். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. பதறி எழுந்தாள். தனலட்சுமி என்பது அவள் பெயர். பெரியவள் யமுனா. எங்கள் அட்டைகள் அத்தனைக்கும் தெரியாது என்று சொன்ன பிள்ளைகளில் ஒருத்தி.

"புள்ள வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க" என்றாள் தனலட்சுமி.

"இல்லம்மா, உக்காருங்க. யாரு சொல்லிக் குடுத்தா இப்படிச் சொல்லச் சொல்லி?"

அவள் சின்ன மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "நாங்கதான். எங்கம்மா எங்களுக்குச் சொன்னது. தாளும் பேனாவுமா யாராச்சும் வந்தா கதைக்கக் கூடாதுன்னு. அங்க சிலோன்லயும் பேர எழுதிக்கிட்டுப் போயித்தான் அனுப்பி வச்சாங்களாம். இங்கயும் எழுதிக்கிட்டுப் போவாங்க, பொறவு எடத்த விட்டு எழும்புன்னு வந்து நிப்பாங்க. எதக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிட்டா வம்பில்ல."

"அன்னைக்கு நாங்க படம் காட்டிக் கேட்டப்பவுமா?"

"நீங்களும் தாளோடதான வந்தீங்க?"

நாங்கள் அளந்தது அந்தப் பிள்ளைகளின் சொற்களை அல்ல. தாய் சொன்னதை அவர்கள் எவ்வளவு ஒழுங்காகக் கேட்டார்கள் என்பதை. அது புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தனலட்சுமி அடுத்துச் சொன்னதில் அது நின்றுவிட்டது.

"இப்ப பள்ளிக்கூடத்துல எங்க புள்ளைகளத் தனியா கடைசிப் பெஞ்சுல ஒக்கார வச்சிருக்காங்க. சொல்லு வறுமையாம். கவருமெண்டுல கண்டுபிடிச்சிருக்காங்களாம். மத்த புள்ளைக அதச் சொல்லியே கூப்பிடுதுக. இவ வீட்டுல இந்தப் பேச்சுப் பேசுறா. அங்க போனா வாயே தொறக்குறதில்ல."

பஸ் வந்தது. அவர்கள் போய்விட்டார்கள். டயர் மாட்டியாகிவிட்டது என்று டிரைவர் வந்து சொன்னார். ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. காது மடல்கள் சிவந்திருந்தன. குல்லாயை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டே, "அந்தப் பேர நான்தான் வச்சேன், வள்ளி" என்றார்.

மறுநாளே இயக்குநரிடம் போனார். நானும் உடன் இருந்தேன். இயக்குநர் பொறுமையாகத்தான் கேட்டார். "கடைசிப் பக்கத்துல ஒரு குறிப்புப் போட்டுருவோம், ஜெசிந்தா. அடுத்த கட்டத்துக்கு நிதி வர்ற நேரம். மொத்தமும் தப்புன்னு சொல்லச் சொல்லி யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல சார். கேக்கலாம்னே அவங்களுக்குத் தெரியாது. அதனால நானே சொல்றேன்."

அடுத்த மதிப்பாய்வுக் கூட்டத்தில், தலைநகரிலிருந்து வந்த அதிகாரிகள் முன்னால், அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அப்படியானால் இவ்வளவு நாள் வேலை என்னாவது என்று ஒருவர் கேட்டார். "வீண்தான்" என்றார் ஜெசிந்தா. அடுத்த கட்ட ஆய்வு வேறொருவருக்குப் போயிற்று. ஜெசிந்தாவைப் பாடநூல் அச்சுப் பிழை பார்க்கும் பிரிவில் போட்டார்கள். திரும்பப் பெற்ற செய்தியை மையம் எங்கேயும் வெளியிடவில்லை. அறிக்கை மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் குடியிருப்புக்குப் போனார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். அங்கன்வாடி முன்னால் வேலை முடிந்து வந்த பெண்கள் நின்றார்கள். குல்லாய் இல்லாமல், குளிரில் நடுங்கிக்கொண்டு, "உங்க பிள்ளைங்களப் பத்தி நான் எழுதினது தப்பு" என்றார். ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டாள். எனக்கு மண்ணைப் பார்க்கத்தான் முடிந்தது. எப்போது ஜீப்பில் ஏறுவோம் என்று இருந்தது. கடைசியில் தனலட்சுமி சொன்னாள். "எங்ககிட்ட வந்து சொன்னா எப்படிங்க? எங்களுக்குத்தான் அது தப்புன்னு தெரியுமே. பள்ளிக்கூடத்துல போயிச் சொல்லுங்க."

பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியர் எங்களைப் பார்த்ததும் மலர்ந்த முகத்தோடு எழுந்து வந்தார். ஜெசிந்தாவின் பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர். கடைசிப் பெஞ்சைப் பெருமையாகக் காட்டினார். "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிருக்கேன் மேடம். சாயங்காலம் அரை மணி நேரம் கூடுதலா நானே ஒக்காந்து சொல்லித் தர்றேன்."

அவரை வில்லனாக நினைத்துக்கொண்டுதான் நான் உள்ளே போயிருந்தேன். அவர் நல்ல மாணவர், அவ்வளவுதான்.

ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. "அப்ப நான் இந்தப் பிள்ளைங்கள…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "நீங்க இல்ல சார். நான்" என்றார் ஜெசிந்தா. அன்றைக்கே பிள்ளைகள் பழைய இடங்களுக்கு மாறினார்கள். யமுனா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆனால் வகுப்பில் அவள் வாய் திறக்க வெகுகாலம் ஆயிற்று என்று தலைமையாசிரியரே பின்னால் எங்களிடம் சொன்னார்.

அதோடு முடியவில்லை. தான் பயிற்சி கொடுத்த பள்ளிகளுக்கெல்லாம் ஜெசிந்தா ஒவ்வொன்றாகப் போனார். விடுப்பு எடுத்து, சொந்தச் செலவில், பஸ்ஸில். பயிற்சி கொடுத்த காலத்தில் மாலை போட்ட பள்ளிகளில் இப்போது வராந்தாவில் காத்திருக்க வைத்தார்கள். சிலர் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரட்டும் என்றார்கள். கொடைக்கானலில் ஒரு பெரிய பள்ளியில், "நீங்களே கன்ஃப்யூஸ்டா இருக்கீங்களே மேடம்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற பிறகும், இழுப்பு வந்து மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் போனார். "எனக்கு வெக்கமா இருக்கு வள்ளி. வீட்டுல சும்மா உக்காந்தா இன்னும் வெக்கமா இருக்கு" என்று ஒருமுறை சொன்னார்.

யமுனா பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஜெசிந்தா அவளை ஒருமுறை பஸ்ஸில் பார்த்தாராம். பக்கத்தில் போய், "என்னத் தெரியுதா?" என்று கேட்டிருக்கிறார். யமுனா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெரியாது" என்றாளாம். இதை என்னிடம் சொன்னபோது ஜெசிந்தா சிரித்தார். பிறகு, "அவ வெளையாட்டுக்குச் சொன்னாளா, நெசமாவே சொன்னாளான்னு தெரியல. கேக்க வாய் வரல" என்றார்.

இனி இரங்கல் கூட்டம். இப்போதைய இயக்குநர் இளைஞர். ஜெசிந்தாவை நேரில் கண்டதில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்தார். "சொல் வறுமை என்ற அரிய கருத்தைக் கல்வி உலகுக்கு வழங்கியவர்" என்றார். கை தட்டினார்கள். முன்வரிசையில் அந்தோணியும் அவர் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் தன் கடைசிக் காலம் முழுவதையும் செலவழித்து அழிக்கப் பார்த்த ஒன்றை அவர் படத்துக்குக் கீழேயே நின்று வாசிக்கிறார்கள். எழுந்து மைக்கைப் பிடித்து, அந்த அறிக்கை தவறு, அதை அவரே திரும்பப் பெற்றார் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். செத்தவரைப் பழிக்கிறேன் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

வாசலில் அந்தோணி என்னைப் பிடித்துக்கொண்டார். முகம் கறுத்திருந்தது. "அக்கா தப்புப் பண்ணுனாங்கன்னு இன்னைக்கித்தான் சொல்லணுமா மேடம்? அந்தப் பேப்பர்ல வந்தத நான் கடையில மாட்டி வச்சிருக்கேன். ஒரு நாளும் அவங்க எதுவும் சொல்லலையே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதிகாரிகளிடம் சொன்னவர், கூலிப் பெண்களிடம் சொன்னவர், சொந்தத் தம்பியிடம் சொல்லவில்லை. உரக்கடைக்குள் போகும்போதெல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தன் பெயரைப் பார்த்திருக்கிறார். தம்பி வாடிக்கையாளர்களிடம் அதைக் காட்டிப் பெருமை பேசுவதைக் கேட்டிருக்கிறார். வாய் திறந்திருக்க மாட்டார். மையத்து வாசலிலேயே ஒரு திண்டில் உட்கார்ந்து நான் அந்தோணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"லீவு கெடச்சாப் போதும், மலைக்குக் கெளம்பிருவாங்க. ஒடம்பு கெடக்குற கெடையில எதுக்குக்கான்னு கேட்டா, சோலி இருக்குன்னு சொல்லுவாங்க. குளுரு காத்து வாங்கப் போறாங்கன்னு நெனச்சு நான் சத்தம் போட்டிருக்கேன், மேடம்." கொஞ்சம் பொறுத்து, "எங்கிட்டச் சொல்லியிருந்தா வண்டியிலயாவது கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்றார்.

அவர் மனைவி வந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கூட்டிப்போனாள்.

ஜெசிந்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். அவருடைய படிப்பு எனக்கு வராது. உழைப்பும் வராது. ஒன்றை மட்டும் முயன்று பார்க்கிறேன். தப்பு என்று அவர் சொன்ன பல இடங்களில் நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். எங்கேயும் அதன் பின்னால் ஓர் "ஆனால்" அவர் சேர்த்து நான் கேட்டதில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன், ஆள் பற்றாக்குறை, நேரம் இல்லை என்று சொல்ல அவருக்கு எவ்வளவோ இருந்தது. சொல்லவில்லை. போன வாரம் என் மொழிபெயர்ப்பில் இருந்த ஒரு தவறை, ஓய்வுக்குப் பிறகு நான் மொழிபெயர்த்துத் தரும் அலுவலகத்துப் பெண் ஒருத்தி எடுத்துக் காட்டினாள். "தப்புதான்" என்றேன். அடுத்த சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.