அர்த்தனாரி வீட்டுச் சுவரில் சனி

பெயிண்டர் அர்த்தனாரி போய்விட்டார் என்ற செய்தி ஒரு திங்கட்கிழமை காலை, பிரார்த்தனை மணி அடிக்கும் முன் எனக்கு வந்தது. எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் சரசக்கா அரிசி களைந்துகொண்டே சொன்னார். முந்தின நாள் மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லையாம். கையோடு இன்னொன்றையும் சொன்னார்: "சனியைக் கொண்டாந்து ஊட்டுச் செவுத்துல வெச்சா அது சும்மா உடுங்களா டீச்சர்?" எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அழுகை பிறகுதான். அவரைத் தெரிந்த உங்களில் பலர் காதிலும் இந்தப் பேச்சு விழுந்திருக்கும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் முப்பது வருஷம் பெயிண்ட் அடித்தவர் அவர். தாமரை, புலிமுகம், பின்பக்கத்து எழுத்து எல்லாம் அவர் கைதான். பள்ளிச் சுவரில் சூரியக் குடும்பத்தை வரைய வேண்டும் என்று நான் கூப்பிட்டபோது உடனே வந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் கோயிலில் இருக்கிற மாதிரி ஒன்பது கட்டம் போட்டு, ராகுவுக்கும் கேதுவுக்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி பென்சிலில் குறி வேறு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கு வெட்கமெல்லாம் இல்லை. "சூரியன் நடுவுலதானுங்க இருக்காரு, அது சரிதானுங்களே" என்றார். அது என்னவோ சரிதான்.

பாடப்புத்தகத்தைக் கொடுத்து இதைப் பார்த்து வரையுங்கள் என்றேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். கோள்களின் அளவும் தூரமும் பின்பக்கத்து அட்டவணையில் ஒரு மாதிரி இருக்கிறது, படத்தில் வேறு மாதிரி இருக்கிறது, எது நிஜம் என்று கேட்டார். அட்டவணைதான் நிஜம், படம் சும்மா புரிவதற்கு என்றேன். அப்படியானால் இந்தப் படத்தை வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். லாரி நம்பரை ஒரு எழுத்து மாற்றி எழுதினாலும் வண்டி செக்போஸ்ட் தாண்டாது, பிள்ளைகளுக்கு மட்டும் தப்பாக எழுதலாமா என்பது அவர் கேள்வி. ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. தலைமையாசிரியர் என்னைத்தான் பிடுங்குவார். இருந்தாலும் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

சூரியனை ஒரு லாரி டயர் அளவுக்கு வைத்துக்கொண்டோம். பூமி ஒரு கொண்டைக்கடலை ஆனது. அதை வைக்க வேண்டிய இடம் நூற்று ஏழு மீட்டர் தள்ளி, டீக்கடைக் கதவில். நிலா கடுகளவு, பூமியிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேல். மனிதர்கள் போய் வந்த அதிகபட்ச தூரம் அந்த ஒரு சாண்தான் என்று சொன்னபோது, அவர் தன் கையை விரித்துக் கதவில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். வியாழன் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய் ஒரு பட்டறை வாசலில் விழுந்தது. நெப்டியூன் மூன்று கிலோமீட்டர் தாண்டி ஒரு கோழிப்பண்ணைச் சுவரில். நடுவில் முழுக்க வெறும் வெளி. இருபது வருஷமாக நடத்துகிற பாடம், எனக்கே அன்றைக்குத்தான் உடம்பு சிலிர்த்தது.

வெளிச்சம் எவ்வளவு வேகம் என்று கேட்டார். சூரியனிலிருந்து பூமிக்கு வர எட்டு நிமிஷத்துக்குச் சற்று மேல் என்றேன். செல்போனில் நேரம் வைத்து, பள்ளிச் சுவரிலிருந்து டீக்கடைக்கு எட்டு நிமிஷத்தில் போய்ச் சேரும்படி நடக்கலாம் என்றார். நடந்து பாருங்கள், தெரியும். நடைபழகும் குழந்தையைவிட மெதுவாக அடி வைக்க வேண்டியிருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சிரித்தார்கள். "உலகத்துலயே வேகமானது இதுதானுங்க, ஆனா அதுக்கும் இம்புட்டு நேரமாவுது. அப்பன்னா எடம் எவ்வளவு பெருசு பாருங்க" என்றார்.

அடுத்த நட்சத்திரத்தை எங்கே வரைவது என்று விடவில்லை. கணக்குப் போட்டேன், ஏறக்குறைய இருபத்தொன்பதாயிரம் கிலோமீட்டர் வந்தது. சின்ன வயதில் லாரியில் கிளீனராகப் போனவர் அவர். டில்லிக்கு லோடு கொண்டுபோய்த் திரும்பி வருவதுபோல் ஆறு தடவை என்று உடனே சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நடுவுல நிறுத்தி ஒரு டீ குடிக்கக்கூட ஒன்னும் இல்லீங்களா?" இல்லை என்றேன். அன்று அவர் வேலை செய்யவில்லை.

கடைசியில் வரைந்தபோது சூரியனைப் பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல், சைக்கிள் நிறுத்தும் மூலையில் கொண்டுபோய் வைத்தார். தலைமையாசிரியருக்கு முகம் சுண்டிவிட்டது. நானும் அர்த்தனாரியைக் கடிந்துகொண்டேன். அளவு அங்கேதான் சரியாக வருகிறது என்று மட்டும் சொன்னார். கேட்டிலிருந்து அளந்தாலும் சரியாகத்தானே வரும் என்று நான் வாதாடினேன். சிரித்துவிட்டு டப்பாவை மூடினார்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு டப்பா வெள்ளை டிஸ்டெம்பர், ஒரு பிரஷ். கருமாதிக்குள் வீட்டுச் சுவரில் அவர் வரைந்த அந்தச் சனியை அழித்துவிட வேண்டும் என்று தெருவே அவர் மனைவி பாப்பாத்தியைப் பிடுங்குவதாகக் கேள்விப்பட்டேன். ஆரம்பித்து வைத்தவள் நான். அழிப்பதையும் நானே செய்துவிடுகிறேன், அந்தம்மாவுக்கு அந்தப் பாரம் வேண்டாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளே ஒரு பயம் இருந்தது. அறிவியல் டீச்சர்தான், ஆனாலும் இருந்தது.

பாப்பாத்தியம்மா டப்பாவைப் பார்த்தார். சூரியன் மூலைக்குப் போன கதையை அப்போதுதான் சொன்னார். கேட்டிலிருந்து அளந்தபோது சனி ஒரு கல்யாண வீட்டுச் சுவரில் விழுந்ததாம். பெண்ணுக்கு மாப்பிள்ளை நிச்சயமான வீடு. அந்தப் பெண்ணின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றிருக்கிறார். கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திக் கேட்டும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அர்த்தனாரி தன் வீட்டுச் சுவரிலிருந்து பள்ளியைப் பார்த்துத் திரும்ப அளந்துகொண்டு போயிருக்கிறார். அது முடிந்த இடத்தில் சூரியனை வைத்திருக்கிறார். யார் வீட்டுக்கும் பயம் வரக் கூடாது என்று சூரியனையே நகர்த்தியிருக்கிறார் மனுஷர். இதற்காக மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்துவிட்டேனே என்று சொல்லிப் பாப்பாத்தியம்மா அழுதார். நானும் அழுதேன்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைக் காட்டிக் கேட்டார்.

"இத்தனை பெரிய சனியை அதுக்குத் தக்கன ஒரு கொளத்துல போட்டா மெதக்கும்னு சொன்னாருங்க. நெசமுங்களா டீச்சர்?"

நிஜம்தான், தண்ணீரைவிட லேசான கோள் அது ஒன்றுதான் என்றேன். இருபது வருஷமாக ஒரு மார்க் கேள்வியாக நான் கேட்டுவந்த விஷயம்.

"அத்தனை லேசானது எங்க ஊட்டை என்னங்க பண்ணும்? இருக்கட்டுங்க, அவரு கை பட்டது."

டிஸ்டெம்பர் டப்பாவைத் திறக்காமலே எடுத்து வந்தேன். அர்த்தனாரியிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். சூரியக் குடும்பப் பாடத்தை இப்போதெல்லாம் புத்தகத்தைத் திறக்காமல், பிள்ளைகளோடு நடந்து நடத்துகிறேன். இந்த வருஷம் சனிக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் எட்டவே நின்றார்கள். பாப்பாத்தியம்மா வெளியே வந்து, அந்த வளையத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து பாருங்க சாமி என்று கூப்பிட்டார்.