குடும்பச் சூழ்நிலை காரணமாக

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை பிரஸ் மெஷினில் ஒரு தொழிலாளிக்கு வலது கை மணிக்கட்டோடு போனது. மத்தியானம் மேனேஜர் என் மேஜைக்கு வந்து, அந்தத் தொழிலாளியின் பெயரில் ஒரு ராஜினாமா கடிதம் அடிக்கச் சொன்னார். தேதி மட்டும் முந்தின வெள்ளிக்கிழமை.

எதற்கென்று புரியாத பச்சைக் குழந்தை இல்லை நான். ஆனாலும் அடித்தேன். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று தொடங்கும் வாக்கியம் எனக்கு மனப்பாடம். அங்கே எல்லா ராஜினாமாவுக்கும் அதுதான். கை போனவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பள ரிஜிஸ்டரில் எப்போதும் இடது கைப் பெருவிரல் ரேகைதான். அந்த விரல் மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியும் முன்பே உருட்டி வாங்கி வந்தார்கள்.

அந்தத் தாளை ஃபைலில் கோக்க என்னிடமே கொடுத்தார்கள். கோத்துவிட்டு, என் ராஜினாமாவையும் அடித்து நீட்டினேன்.

“ஒரு மாசம் முன்னாடியே சொல்லோணும் அம்மணி. அதானே ரூல்?” என்றார் மேனேஜர்.

“தேதிதானுங்களே, இதுக்கும் முன்னாடியே போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அன்னூர் பஸ்ஸில் வரும்போது பெரிய காரியம் சாதித்துவிட்ட பெருமை. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நஷ்டஈட்டு வழக்கு நடந்தது. வேலையை விட்ட ஆள் யாரையோ பார்க்க வந்து தானாக மெஷினில் கையை விட்டார் என்றது கம்பெனி. அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் சாட்சிக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கம்பெனி வக்கீல் அவசரப்படவே இல்லை. நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் கோபித்துக்கொண்டு போனவள் என்றார். பிறகு என் ராஜினாமாவை எடுத்து என்னையே படிக்கச் சொன்னார்.

“குடும்பச் சூழ்நிலை காரணமாக” என்று படித்தேன்.

“விபத்தைப் பற்றி இதில் ஒரு வார்த்தை இருக்கிறதா?”

இல்லை. அத்தனை ஆத்திரத்திலும் என் விரல்கள் பழகிய வரியைத்தான் அடித்திருந்தன.

கேஸ் தோற்றது. தீர்ப்பன்று கோர்ட் வராந்தாவில் அவர் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

“ஏனுங்க அம்மணி, எங்க ஊட்டுக்காரருக்கு அடிச்ச அதே வரியத்தான் உங்களுக்கும் அடிச்சுப்போட்டீங்களா?”

“ஆமாங்க அக்கா.”

“செரி உடுங்க. வந்து சொன்னீங்களே, அது போதுமுங்க.”

அதற்குள் அவர் கணவரும் வந்துவிட்டார். என்னைக் கண்டதும் பழக்கத்தில் கும்பிட இரண்டு கைகளையும் தூக்கினார். பிறகு வலது கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, இடது கையை மட்டும் நெஞ்சருகே வைத்தார். என்னால் திருப்பிக் கும்பிட முடியவில்லை.