நான் நீக்கிய சத்தம்

கனடாவின் ஸ்கார்பரோவில், ஸ்கா-பங்க் என்னும் துள்ளலிசை வாசிக்கும் ஒரு தமிழ் இசைக்குழுவின் ஆல்பத்துக்கு நான் ஒலிப்பொறியாளர். பாடகன் விபத்தில் இறந்தபோது அவன் குரல் முழுவதும் பதிவாகியிருந்தது. டிராம்போன் என்ற ஊதுகருவியின் பதிவு மட்டும் பாக்கி. அவன் குரல்பதிவில் இருந்த இருமல், நாற்காலிச் சத்தம், இடையில் கத்தியது என்று பட்டியலிட்டு எல்லாவற்றையும் நீக்கினேன்.

டிராம்போன் வாசிக்கும் நேசன் அண்ணை, அந்தக் குரலைக் கேட்டபடி பதிவுசெய்த மூன்று முறையும் பிந்தியே தொடங்கினார். காரணம் புரியாமல் கேட்டேன்.

"அவன் என்னைத் திட்டேல்லையே, தங்கச்சி. 'ஊதடா சோம்பேறி' எண்டு கத்தினாத்தான் நான் தொடங்குவன்."

"அதை வெட்டிப்போட்டன், அண்ணை."

"உனக்கென்ன விசரே? திருப்பிப் போடு."

போட்டேன். சிரித்துக்கொண்டே சரியாக ஊதினார். கண்ணைத் துடைத்தது பிறகுதான்.

அந்தக் கத்தலோடு வெளிவந்த ஆல்பம்தான் அவர்களைப் பிரபலமாக்கியது. மேடையில் இப்போது அரங்கமே அவரைத் திட்டுகிறது. நானோ, எந்தச் சத்தத்தையும் நீக்குமுன் அது யாருக்கானது என்று விசாரிக்கிறேன்.