சில்வர் காகித அரிவாள்

அடையாறில் சனிக்கிழமை காலை போட்டோ எடுப்பது என்று முடிவான நாளிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது கல்லூரியில் கடைசி வருடம். எடுக்கப்போகிறவள் என் வகுப்புத் தோழி, மயிலாப்பூர்க்காரி. வேடம் போடுகிறவர்களைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதில் அவளுக்குப் பைத்தியம். அந்த அக்டோபரில், பேய் வேடம் போடும் ஹாலோவீனுக்கு அவள் யோசித்து வைத்திருந்தது சாவின் வேடம். கறுப்பு அங்கி, மண்டையோட்டு முகமூடி, கையில் ஆளுயர அரிவாள்.

"நீ ஒல்லியா, உயரமா இருக்கே. சாவுக்குன்னே பொறந்த உடம்புடா" என்றாள்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. யாரும் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் படமெடுத்ததில்லை.

இலையுதிர் காலம் போல இருக்கவேண்டும் என்பது அவள் பிடிவாதம். சென்னையில் அக்டோபர் என்றால் மழைதான். அவள் தெருவெல்லாம் சுற்றி பாதாம் மரத்தின் பழுத்த இலைகளைப் பொறுக்கி, மாடியில் வெயில் தலைகாட்டும்போதெல்லாம் காயவைத்து, கோணியில் கட்டிவைத்தாள். அங்கிக்கான துணியை தி. நகரில் போய் எடுத்து வந்தோம். அரிவாள் என் பொறுப்பு.

அம்மா பெருங்குடியில் ஓர் ஆபீஸில் துப்புரவு வேலை செய்கிறார். கம்ப்யூட்டர் பெட்டிகளில் வந்த வெள்ளை ஃபோமை எனக்காகக் கேட்டு வாங்கி வந்தார். அதை வளைவாக வெட்டி, சில்வர் காகிதம் ஒட்டி, மூன்று துண்டாக அறுத்து இணைத்த பிளாஸ்டிக் குழாயில் செருகினேன். கழற்றினால் பையில் அடங்கும். ஓரத்தில் கொஞ்சம் ரத்தம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோழி மெசேஜ் அனுப்பினாள். சிவப்புப் பெயிண்டும் பூசினேன்.

அம்மா அதைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"இன்னாடா இது, நெஜக் கத்தி மாதிரியே கீது?"

"ஃபோம்மா. நீதான எட்த்தாந்த."

"எனக்குத் தெரியும். போலீஸ்காரனுக்குத் தெரியுமா? பஸ்ல வேற போப்போற."

என் பயமும் அதுதான். அதற்கு முந்தைய வாரம் ஏதோ இரண்டு கல்லூரிகளின் பையன்கள் பஸ்ஸில் கத்தியோடு மோதிக்கொண்டார்கள். நிறுத்தங்களில் போலீஸ் நின்று பையன்களின் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. தோழியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "ஃபோம்தானேடா, அதுக்கா பயந்துண்டு இருக்கே? சொன்னா போலீஸ்காரா புரிஞ்சுக்க மாட்டாளா?" அவளுக்கு அப்படித்தான் நடந்திருக்கும். ஸ்கூட்டரில் போகும் அவளை யாரும் நிறுத்தியதில்லை. நீயே எடுத்துக்கொண்டு போ என்று கேட்க வாய் வரை வந்தது. வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

சனிக்கிழமை பெரும்பாக்கத்தில் பஸ் ஏறினேன். பையை மடியில் வைத்து, மேலே கைகளையும் வைத்துக்கொண்டேன். வழி நெடுக, யாராவது ஏறும்போதெல்லாம் காக்கி நிறமா என்று பார்த்தேன். அடையாறில் இறங்கியபோது இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். நான் வேகமாக நடந்தேன். வேகமாக நடந்ததுதான் தப்பு.

"தம்பி, இங்க வா. பையில இன்னா?"

"பொம்மை சார், போட்டோவுக்கு."

"இன்னா பொம்மை? எட்து காட்டு."

முதலில் வெளியே வந்தது சிவப்பு பூசிய அலகு. நிறுத்தத்தில் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். இளைய போலீஸ்காரர் என் தோளைப் பிடித்தார். மூத்தவர் அலகை வாங்கினார். அது அவர் கையில் வாழையிலை மாதிரி மடங்கியது. ஆனாலும் தோளில் இருந்த பிடி தளரவில்லை.

"எந்த ஏரியா?"

"பெரும்பாக்கம் சார், ஹவுசிங் போர்டு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுக்கு முன்ன?"

"இங்கதான் சார், ஆத்தோரம். வீட்ட இட்சிட்டு அங்க அனுப்பிட்டாங்க."

மூத்தவர் என் கல்லூரி அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோவுக்குன்றியே, வேஷத்தப் போட்டுக் காட்டு."

காலை வெயிலில், அத்தனை பேர் முன்னால் அங்கியை மாட்டினேன். முகமூடியின் நாடாவைப் பின்னால் கட்ட முடியவில்லை. இளையவரே கட்டிவிட்டார். யாரோ செல்போனில் எடுத்தார்கள். மூத்தவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன்.

"சரி, போ. கத்தி இங்கயே இருக்கட்டும். இத்த எட்துகினு தெருவுல நின்னா எவனாவது போன் பண்ணுவான், அப்புறம் எனக்குத்தான் தலவலி."

தோழி ஒரு மரத்தடியில் இலைகளைக் கொட்டிப் பரப்பிவிட்டு, வானத்தைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தாள். வெயில் போய் மேகம் கறுத்திருந்தது.

"அரிவாள் எங்கேடா?"

"பஸ்ல வுட்டுட்டேன்."

"லூசாடா நீ?" என்று கத்தினாள். திட்டிக்கொண்டே ஸ்கூட்டரிலிருந்து அவள் அப்பாவின் கறுப்புக் குடையை எடுத்து வந்தாள். "இதப் பிடிச்சுண்டு நில்லு. நடக்கறது நடக்கட்டும்."

அங்கேயும் எனக்கு நிலைகொள்ளவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டால் திரும்பினேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று பார்த்ததும், போன் பண்ணப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கைகாட்டிவிட்டுப் போனார். தூறல் பிடித்து இலைகள் தரையில் ஒட்டிக்கொள்ளும்வரை எடுத்தோம்.

மறுநாள் அவள் ஒரு படத்தை அனுப்பினாள். ஈர இலைகளுக்கு நடுவே, குடைக்குக் கீழே சாவு தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறது. "இந்தக் கூன் ஒண்ணு போறும்டா! எப்படி நடிச்சே?" என்று எழுதியிருந்தாள். படத்துக்கு லைக்குகள் குவிந்தன.

அம்மாவிடம் காட்டினேன். படத்தில் என் முகம் துளிகூடத் தெரியாது. அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எதுக்குடா இப்டி பயந்துகினு நிக்கிற?"

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் தோளைத் தொட்டுப் பார்த்தார், அடி கிடி பட்டிருக்குமோ என்று. "அட்ச்சாங்களா?" என்றார். இல்லை என்று பலமுறை சொன்ன பிறகுதான் நம்பினார்.

திங்கட்கிழமை கேன்டீனில் தோழியிடமும் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்தாள். பிறகு, "நான் சிரிச்சேனே" என்றாள்.

அதற்குப் பிறகும் நாங்கள் படம் எடுத்தோம். என் சாமான்களை அவளே முந்தின நாள் கேட்டு வாங்கி ஸ்கூட்டரில் எடுத்துப்போய்விடுவாள். நான் வெறுங்கையோடு பஸ்ஸில் போவேன். அப்போதும் நிறுத்தம் நெருங்கினால் காக்கி தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.