தீபாவளிக்கு வந்த பெர்ஷியன் பூனை

இன்று காலை நமுனுகுலையிலிருந்து பதுளைக்கு வந்த பஸ்ஸில், என் மடியில் ஓர் இளவரசி!

பெயர் பிரின்சஸ். இனம் பெர்ஷியன். இருப்பிடம் பிளாஸ்டிக் கூடை.

கண்டக்டர் கூடையைப் பார்த்தார்.

"அக்கா, அந்த மரக்கறிக் கூடைய மேல ஏத்துங்க."

"உயிர் இருக்குங்க அண்ணே."

மூடியைத் தூக்கிப் பார்த்தவர் பயந்தே போனார். "இதென்னங்க, மூஞ்சிய யாரோ அமுக்கிவிட்ட மாதிரி இருக்கு?"

(அதற்குத்தான் விலையே என்று நான் அவருக்கு எப்படிச் சொல்வது!)

இந்த இளவரசி எங்கள் லயத்துக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா கொழுந்து எடுக்கப் போகிறார். நான் பதுளையில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். தம்பி கொழும்பில் போன் கடையில்.

தீபாவளிக்கு வந்தான். கையில் கூடை, கூடையில் சிவப்பு ரிப்பன்.

"அம்மா, சர்ப்ரைஸ்! நீங்க தனியா இருக்கீங்கல்ல, அதான்!"

(நான் என்ன, ஜன்னல் கம்பியா?)

அம்மா கூடையைத் திறந்தார். உள்ளேயிருந்து இரண்டு மஞ்சள் கண்கள் அம்மாவை முறைத்தன. அம்மாவும் முறைத்தார்.

"அம்மா, சிரிங்கம்மா. வீடியோ எடுக்குறேன்ல!"

சிரித்தார். லைட் சரியில்லை என்று மறுபடி மூடித் திறக்கச் சொன்னான். மறுபடியும் ஆச்சரியப்பட்டார். பாவம், ஒரு பூனைக்கு எத்தனை தடவைதான் ஆச்சரியப்படுவது!

நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன்டா, அம்மாவுக்கு இழுப்பு இருக்குன்னு தெரியாதா? பூனை முடி ஆகுமா?"

"அக்கா, இது பெர்ஷியன். ரொம்ப க்ளீன்."

அவ்வளவுதான். மருத்துவ ஆலோசனை முடிந்தது!

அன்றைக்கே லயம் முழுக்கப் பட்டாசு. முதல் வெடிக்கே பூனை விறகுக் கட்டுக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. பொங்கல் சோறு, கறி, எதைக் காட்டியும் வெளியே வரவில்லை. வந்தபோது வெள்ளைப் பூனை கரிப் பூனையாகியிருந்தது. உடம்பெல்லாம் நடுக்கம்.

தம்பி அதையும் வீடியோ எடுத்தான். லீவு முடிந்தது, பஸ் ஏறினான்.

பிறகுதான் எங்களுக்கு உண்மையான தீபாவளி!

நெத்தலிக் கருவாட்டுச் சோற்றை இளவரசி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. எங்கள் வீட்டு எலி எதிரே வந்து நின்றால் இதுதான் ஒதுங்கி வழிவிட்டது. வாசலுக்குப் போனால் அந்த நீள முடிக்குள் அட்டை ஏறிவிடும். அடுப்புப் புகையில் கண் எப்போதும் ஒழுகும்.

அம்மா மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, பூனையை மடியில் போட்டுச் சிக்கு எடுப்பார். உப்பைத் தொட்டு அட்டையை எடுப்பார்.

"அம்மா, நான் பார்க்குறேன். நீங்க தள்ளி இருங்க."

"நீ வர்றதுக்குள்ள ரத்தத்தையெல்லாம் குடிச்சிடும்டி."

ஒவ்வொரு நாளும் அம்மாவின் மூச்சுச் சத்தம் கொஞ்சம் கூடிக்கொண்டே போனது.

போன வாரம் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போன இடத்தில், பேர் கூப்பிடும்போதே அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்திருக்கிறது, காற்று உள்ளே போகவில்லை. உதடு நீலமாகிவிட்டது. சேதி கேட்டு நானும் ஓடிவர, தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி முழுக்க அம்மா என் கையை விடவேயில்லை. அந்தப் பிடியை இன்னும் உணர்கிறேன்.

மாஸ்க் வைத்து, மருந்து ஏற்றி, மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்ல பூனை, நாய் ஏதாவது வளர்க்குறீங்களா?"

வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டேன். பதறித்தான் போனான். பிறகு சொன்னான்:

"அப்ப பூனைய யாருக்காவது குடுத்துருங்க அக்கா. ஆனா ஒரு நல்ல போட்டோ எடுத்து அனுப்பிட்டுக் குடுங்க. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

போனை வைத்துவிட்டேன். (ஆஸ்பத்திரியில் கெட்ட வார்த்தை பேசக் கூடாது.)

பக்கத்து வீட்டு அண்ணன் சுலபமான வழி சொன்னார். "பசறை டவுன்ல மீன் கடைப் பக்கம் விட்டுட்டு வந்துரும்மா. பொழைச்சுக்கும்."

எலிக்கு வழிவிடுகிற பூனை மீன் கடை நாய்களிடம் பிழைக்குமா!

அம்மாவிடம் சொன்னதும் மாஸ்க்கை விலக்கிவிட்டுப் பேசினார்.

"ரோட்டுல விட்டுறாதடி. அதுவா நம்ம வீட்டுக்கு வரணும்னு கேட்டுச்சு?"

கடைசியில் கை கொடுத்தது என்னோடு வேலை செய்யும் ரிஸானா. அவள் வளர்த்த பூனை வயதாகிச் செத்துப்போயிருந்தது. தருகிறேன் என்றதும் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன்.

"ஒடனே எடுக்க ஏலா. ஊட்டுல எல்லார்கிட்டயும் கேக்கணும். உம்மாக்கு முடி ஒத்துக்குமான்னு பாக்கணும். என்ன சாப்பிடும், ஊசி போட்டிருக்கா, எல்லாம் சொல்லு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பூனையைப் பற்றி இத்தனை நாளில் ஒரு ஆள் கேட்ட முதல் கேள்விகள் இவைதான்!

வீட்டில் எல்லோரும் சம்மதித்த பிறகு, இன்று காலை ஒப்படைத்தேன். மத்தியானம் போன் செய்தாள். மீன் சாப்பிட்டுவிட்டு அவள் உம்மாவின் காலடியில் தூங்குகிறதாம்.

மாலையில் வார்டில் இருந்தபோது தம்பி கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, சாரிம்மா. பொங்கலுக்கு மீன் தொட்டி வாங்கித் தரட்டுமா? மீனுக்கு முடி இல்லம்மா!"

பக்கத்துக் கட்டில் அக்கா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"ஒண்ணும் வேணாம்யா. நீ வந்து நாலு நாள் இருந்துட்டுப் போ."

 தம்பி சொன்னான்: "லீவு கெடைக்குதான்னு பார்த்துட்டுச் சொல்றேன்மா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாளைக்கு அம்மாவை வீட்டுக்கு விடுகிறார்கள்.

தம்பி, இந்தப் பதிவில் உன்னை டேக் செய்திருக்கிறேன்.

லைக் போடாதே. பஸ் ஏறு!