ரப்பர் பேண்டு போட்ட செருப்பு

உங்க வூட்டுப் புள்ளைக்கு ஒரு கால் செருப்பு மட்டும் கழண்டு கழண்டு போனா என்ன பண்ணுவீங்க? நான் ரப்பர் பேண்டு போட்டு வுட்டேன். இன்ஜினியரிங் மூணாவது வருசம் வேற. அவ்ளோதான் என் மூளை.

தங்கச்சி பொறந்தது பாப்பாரப்பட்டியில. அப்பா தக்காளிக்குத் தண்ணி கட்டுனா வரப்பு மேலயே ஓடுவா. அஞ்சாவது போனப்ப அதே வரப்புல விழ ஆரம்பிச்சா. படுத்தா முதுகு வலிக்குதுன்னு எழுந்து உக்காந்துக்குவா. பாயை வேற நனைச்சா. நான் "டேங்கர் லாரி"ன்னு பேரு வெச்சேன்.

"போடா எருமை, எனக்கே தெரியாம வருது"ன்னா. நான் சிரிச்சேன்.

சுளுக்கா இருக்கும்னு அம்மா அனுப்புச்சு. பாப்பிரெட்டிப்பட்டியில சுளுக்கு வழிக்கிறவர்கிட்ட பைக்ல கூட்டிட்டுப் போனேன். அவரு காலைத் தூக்கிப் பாத்துட்டு, கையில இருந்த எண்ணெயைத் துடைச்சிட்டாரு.

"இது என் வேலை இல்ல சாமி. கால்ல பலமே இல்ல. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வூட்ல சொல்லிடு."

மறுநாள் எனக்கு கபடி டோர்னமென்ட். சொன்னா நான்தான் அலையணும். தங்கச்சிக்கு பானிபூரி வாங்கிக் குடுத்துட்டு, வூட்ல "வழிச்சாச்சு, சரியாயிடும்"னு சொல்லிட்டேன். அவ என்னைப் பாத்தா. காட்டிக் குடுக்கல.

அப்புறம் செமஸ்டர். ரெண்டு மாசம் ஓடிடுச்சு. ரெண்டு காலும் வராம போனப்புறம்தான் ஸ்கேன் எடுத்தோம். தண்டுவடத்துக்குள்ள கட்டி. பெங்களூர்ல ஆபரேஷன் பண்ண டாக்டர், "நடக்கும்போதே கூட்டிட்டு வந்திருக்கணும்"னாரு. கால் திரும்பி வரல. கட்டி மறுபடி வளந்துச்சு.

கடைசி வாரம் கேட்டேன், "அன்னைக்கு ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"நீ பைனல் ஆடணும்னு சொன்னியேடா அண்ணா."

மொத மேட்ச்லயே தோத்துட்டோங்க.

துக்கத்துக்கு வந்தப்ப "பெத்தவ கவனிச்சிருந்தா புள்ள பொழச்சிருக்கும்"னு அம்மா காதுபடவே பேசுனீங்க. சித்தப்பா, அத்தை, எல்லாருக்கும் சொல்றேன். தப்பு அம்மா மேல இல்ல. அம்மாவுக்கு விசயமே தெரியாது. மறைச்சது நான்.

தங்கச்சியைத் தூக்கிட்டே அலைஞ்ச பக்கத்து வூட்டு மாமாவுக்கும், கட்டில்கிட்ட வந்து பாடம் சொல்லிக் குடுத்த டீச்சருக்கும், எண்ணெயைத் துடைச்ச அந்தப் பெரியவருக்கும் நன்றிங்க.

காரியப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்காரர், இத அனுப்பச் சொல்லி மூணு தடவை போன் பண்ணிட்டாரு. அம்மா அடுப்படியில வெங்காயம் உரிச்சிட்டு இருக்கு. இத இன்னும் படிக்கல.